இரண்டு வாக்குறுதிகள்: பஞ்சமி நிலமும் ஏற்றுமதிச் சலுகையும்



1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்தார்கள். காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தைத் திரும்பக் கேட்டுப் போனவர்கள் அவர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. அவர்களை நினைத்துக் கூடியிருக்கும் இடத்தில் ஏற்றுமதி ஊக்கத்தொகை பற்றிப் பேசப் போகிறேன் என்றபோது அமைப்பாளர்கள் கொஞ்சம் தயங்கினார்கள். நிலத்தைப் பற்றிப் பேச வேண்டிய நாளில் கைபேசியையும் காரையும் கப்பலையும் பற்றி என்ன பேச்சு என்று ஒரு தோழர் நேராகவே கேட்டார். கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்வதுதான் இந்தச் சொற்பொழிவு.

பழைய செங்கல்பட்டு மாவட்டம் என்று நாம் சொல்லும் நிலப்பரப்பு இப்போது பல மாவட்டங்களாகப் பிரிந்து கிடக்கிறது. ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் அந்தப் பழைய மாவட்டத்துக்குள் இருந்தவை. அந்த மண்ணில் அரசு இரண்டு முறை பெரிய வாக்குறுதி கொடுத்திருக்கிறது. 1892இல் சேரி மக்களுக்கு. 1990களுக்குப் பிறகு, குறிப்பாக 2005இலிருந்து, ஏற்றுமதி செய்யும் நிறுவனங்களுக்கு. இரண்டுமே எழுத்தில் கொடுக்கப்பட்டவை, இரண்டிலும் நிபந்தனை உண்டு. இரண்டிலுமே அரசு சொன்னபடி நடக்கவில்லை. அப்படி நடக்காதபோது யார் எங்கே போய்க் கேட்க முடிந்தது, என்ன கிடைத்தது என்பதை வரிசையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

முதல் வாக்குறுதியிலிருந்து தொடங்குகிறேன். மாணவத் தோழர்களில் பலருக்கு டிரெமென்ஹீர் என்ற பெயர் தெரிந்திருக்கும். செங்கல்பட்டின் பொறுப்பு ஆட்சியராக இருந்தவர் 1891இல் எழுதிய குறிப்பு அது. செங்கல்பட்டுப் பறையர்களின் நிலை பற்றி வருவாய் வாரியத்துக்கு எழுதினார். அந்தக் குறிப்பில் பசி, நோய், எழுத்தறிவின்மை எல்லாம் இருக்கின்றன. ஆனால் அதன் நடு எலும்பு மிராசு முறைதான். இந்த மாவட்டத்தில் தரிசு நிலத்துக்கு ஒருவர் தர்காஸ்து போட்டால் அந்த ஊர் மிராசுதாருக்கு முன்னுரிமை உண்டு. சேரியில் இருக்கும் ஒருவர் பத்து வருடம் யாரும் தொடாத தரிசைக் கேட்டு மனு போடுவார். மனு போட்ட சேதி தெரிந்ததும் மிராசுதார் எழுந்து எனக்கு வேண்டும் என்பார். நிலம் அவருக்குப் போகும், அடுத்த பத்து வருடமும் தரிசாகவே கிடக்கும். நிலத்தில் பயிர் செய்வதைவிடச் சேரிக்காரன் கையில் நிலம் போகாமல் பார்ப்பது முக்கியம். ஏனென்றால் நிலம் வந்துவிட்டால் படியாள் கிடைக்க மாட்டான். குடியிருக்கும் வீட்டு மனையும் மிராசுதாருடையது. எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போக வேண்டியதுதான். சொற்பக் கடனுக்காகத் தலைமுறையாகப் படியாள் வேலை பார்த்தவர்களைப் பற்றியும் அந்தக் குறிப்பு பேசுகிறது.

வெள்ளைக்கார அதிகாரியின் கருணையால் நமக்கு நிலம் கிடைத்தது என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அதே 1891இல் பறையர் மகாஜன சபை உருவாகிறது. மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்குகிறார். அயோத்திதாசர் ஏற்கெனவே களத்தில் இருக்கிறார். கேட்கிற குரல் இருந்த காலத்தில்தான் ஆட்சியரின் பேனாவும் அசைந்தது.

1892 செப்டம்பர் 30 தேதியிட்ட வருவாய்த் துறை அரசாணை வந்தது. 1010 என்ற எண்ணைச் சொன்னால் நம் இயக்கங்களில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கலாம். சென்னை மாகாணம் முழுவதிலும் இப்படி ஒதுக்கப்பட்டது 12 லட்சம் ஏக்கர் என்ற கணக்கைத்தான் நம் இயக்கங்கள் சொல்லிவருகின்றன. ஒதுக்கீட்டுக்குப் போட்ட நிபந்தனையைக் கவனியுங்கள். பத்து ஆண்டுகளுக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்டோருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். நிபந்தனை பாதுகாப்புக்காகப் போடப்பட்டது, நல்ல எண்ணம்தான். ஆனால் அதைக் காக்கும் பொறுப்பு யாரிடம் இருந்தது? மணியக்காரரிடமும் கர்ணத்திடமும். அதாவது மிராசுதாரின் மைத்துனரிடமும் மாமனாரிடமும்.

எங்கள் தாத்தாவுக்கு 80 சென்ட் இருந்தது. டி.சி. நிலம் என்று ஆயா சொல்வார். பஞ்சமி என்ற சொல் அவருக்குத் தெரியாது. அத்தை கல்யாணத்துக்காக ஊரில் ஒருவரிடம் வாங்கிய கடனுக்கு அந்த நிலத்தை வாய்ச்சொல்லாக விட்டார்கள். கடன் வளர்ந்தது, நிலம் போனது. நான் கல்லூரி முடித்த பிறகு ஒரு வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போய்ப் பழைய பதிவேட்டைக் கேட்டேன். நான்கு முறை அலையவிட்டு, ஐந்தாவது முறை, கரையான் அரித்துவிட்டது என்றார்கள். அந்த நிலத்தின் மேல் இன்று லாரி நிறுத்தும் இடம் இருக்கிறது. ஏற்றுமதிச் சரக்கு ஏற்றிய கன்டெய்னர்கள்தான் அங்கே இரவில் நிற்கின்றன. இது தனிக்கதை இல்லை. இந்த அரங்கில் பாதிப் பேர் வீட்டில் இப்படி ஒன்று இருக்கும். அதனால்தான் சொன்னேன்.

இப்படிப் போன நிலத்தில்தான் காரணையும் சேரும். தனியாருக்குக் கைமாறியிருந்த பஞ்சமி நிலத்தில் மக்கள் நுழைந்து அம்பேத்கர் சிலை வைத்தார்கள். சிலை அகற்றப்பட்டது. அதைக் கேட்டு ஆயிரக்கணக்கில் செங்கல்பட்டுக்குத் திரண்டார்கள். அரசாணையின் வாசகப்படி பார்த்தால் அவர்கள் கேட்டது அரசு தன் சொந்த நிபந்தனையை நிறைவேற்ற வேண்டும் என்பதுதான். நிபந்தனை மீறப்பட்டால் நான் திரும்ப எடுப்பேன் என்று சொன்னது அரசு. மீறப்பட்டிருக்கிறது, எடு என்றார்கள் மக்கள். அதற்குக் கிடைத்த பதில் இரண்டு பிணங்கள்.

* * *

இரண்டாவது வாக்குறுதிக்கு வருகிறேன்.

ஏற்றுமதிக்குச் சலுகை கொடுப்பது இந்தியாவில் புதிதல்ல. குஜராத்தின் காண்ட்லாவில் 1965இலேயே ஏற்றுமதி மண்டலம் அமைத்தார்கள், ஆசியாவில் முதல் மண்டலம் அது. 1984இல் தாம்பரத்தில் மெப்ஸ் வந்தது. அதுவும் அன்றைய செங்கல்பட்டு மாவட்டம்தான். 1983இல் ஏற்றுமதி லாபத்துக்கு வருமான வரி விலக்கு வந்தது. ஏற்றுமதியாளருக்கு ரொக்க ஈட்டுத்தொகை என்று ஒன்றும் இருந்தது. 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டார். இரண்டு மாதத்தில், ஜூலையில், ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள், ரொக்க ஈட்டுத்தொகையை ஒழித்தார்கள், மன்மோகன் சிங் வரவு செலவுத் திட்டத்தை வைத்தார். அதுவரை ராமானுஜர் பிறந்த ஊர் என்று அறியப்பட்ட ஸ்ரீபெரும்புதூர் அந்த மே மாதத்தில் வேறொன்றுக்காக உலகத்துக்குத் தெரிந்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் மூன்றாவது தடவையாக, தொழிற்சாலைக்காகத் தெரிந்தது. 1971இல் தொடங்கிய சிப்காட் இங்கே நிலம் எடுத்துப் பூங்காக்கள் அமைத்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் தயாரிக்கத் தொடங்கியது.

ஆனால் ஏற்றுமதிச் சலுகையின் முழு உருவத்தைப் பார்க்க வேண்டுமென்றால் நோக்கியாவைத்தான் பார்க்க வேண்டும். 2005 ஏப்ரலில் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்டார்கள். அந்த ஆண்டு ஜூனில் சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. தகவல் அறியும் உரிமைச் சட்டமும் அதே மாதம்தான். இரட்டைப் பிள்ளைகள் போலப் பிறந்தாலும் ஒன்றுக்குக் கிடைத்த பால் மற்றதற்குக் கிடைக்கவில்லை. 2006 ஜனவரியில் உற்பத்தி தொடங்கியது. ஏறக்குறைய 210 ஏக்கர். அருகிலேயே ஃபாக்ஸ்கான், சால்காம்ப் போன்ற உதிரிபாக நிறுவனங்கள்.

சலுகை எப்படி வேலை செய்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். நம் தோழர்கள் சலுகை என்றால் அரசு பெட்டியில் பணம் போட்டுக் கொடுப்பதாக நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. வாங்க வேண்டியதை வாங்காமல் விடுவதுதான் சலுகை. மண்டலத்துக்குள் வரும் உதிரிபாகத்துக்கு இறக்குமதி வரி இல்லை. சட்டத்தின் கண்ணில் அந்த 210 ஏக்கர் இந்தியச் சுங்க எல்லைக்கு வெளியே இருக்கும் பூமி. அங்கிருந்து ஏற்றுமதி செய்து வரும் லாபத்துக்கு முதல் ஐந்தாண்டு முழு வருமான வரி விலக்கு, அடுத்த ஐந்தாண்டு பாதி, அதற்கடுத்த ஐந்தாண்டு லாபத்தைத் தொழிலிலேயே திரும்பப் போட்டால் பாதி. இதற்கு மேல் மாநில அரசு தன் பங்குக்கு வாட் வரியைத் திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டது. அதாவது உள்நாட்டில் விற்கும் கைபேசிக்கு வாங்குபவர் கொடுக்கும் வரி அரசிடம் போய், அரசிடமிருந்து நிறுவனத்துக்குத் திரும்பி வரும். நிலம், மின்சாரம், சாலை வேறு. பொதுப் பயன்பாட்டுச் சேவை என்ற அறிவிப்பும் சலுகைதான். அந்த அறிவிப்பு இருந்தால் 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் செய்வது அப்போது சட்டவிரோதமாக இருந்தது. குடிநீருக்கும் மருத்துவமனைக்கும் உள்ள விதி கைபேசிக்கு. இந்தச் சலுகைகளால் பொதுமக்கள் பணம் எவ்வளவு போகிறது என்று மதுமிதா தத்தா 2009இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் எழுதினார். கோட்டையில் அதற்குப் பெரிய சலசலப்பு ஏற்படவில்லை.

ஆலைக்குள் உச்சக் காலத்தில் சுமார் 8,000 பேர். திருவண்ணாமலை, வேலூர், விழுப்புரம், கடலூர் பக்கத்திலிருந்து வந்த பிள்ளைகள். பெண்கள் மிகுதி. நம் வீட்டுப் பிள்ளைகள் நிறைய. பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழோடு போய் நீல அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தார்கள். 2010 ஜூலையில் ஃபாக்ஸ்கானில் மூச்சுத்திணறி நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். செப்டம்பர், அக்டோபரில் அங்கே வேலைநிறுத்தம், முந்நூறுக்கும் மேற்பட்டோர் கைது. அந்த அக்டோபர் கடைசியில் நோக்கியா ஆலைக்குள் இயந்திரத்தில் சிக்கி 22 வயதுப் பெண் தொழிலாளி ஒருவர் இறந்தார். மேற்காசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் யாரோ ஒருவர் முதல்முறையாகத் தன் அம்மாவோடு பேசிய கைபேசி அந்த வரிசையிலிருந்து போனதாக இருக்கலாம்.

2013 ஜனவரியில் வருமான வரித் துறை சோதனை. பின்லாந்திலிருக்கும் தாய் நிறுவனத்துக்கு மென்பொருளுக்காகக் கொடுத்த பணத்தில் வரி பிடிக்கவில்லை என்று சுமார் 2,000 கோடி ரூபாய் கேட்டார்கள். 2014இல் மாநில அரசும் 2,400 கோடி கேட்டது. ஏற்றுமதி செய்ததாகச் சொன்ன கைபேசிகள் உள்நாட்டில் விற்கப்பட்டவை என்றது. நிறுவனம் மறுத்தது, சுங்கப் பதிவே சாட்சி என்றது. யார் சொன்னது உண்மை என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. இடையில் நோக்கியாவின் கைபேசித் தொழில் மைக்ரோசாஃப்டுக்கு விற்கப்பட்டது. வரி வழக்கால் முடக்கப்பட்ட ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. மைக்ரோசாஃப்ட் ஒப்பந்தத்துக்குக் கைபேசி செய்துகொடுத்த ஆலைக்கு, அந்த ஒப்பந்தம் முடிந்ததும் வேலை இல்லை. விருப்ப ஓய்வு என்று அறிவித்தார்கள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் ஓய்வு! ஐயாயிரம் பேர் வரை எடுத்துக்கொண்டு போனார்கள். 2014 நவம்பர் 1 அன்று ஆலை நின்றது. டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையும் மூடியது.

பிறகு என்ன ஆயிற்று என்பதுதான் நம் பேச்சுக்கு முக்கியம். இந்தியாவும் பின்லாந்தும் வரி உடன்படிக்கையின் கீழ் உட்கார்ந்து பேசி 2018இல் வழக்கைத் தீர்த்துக்கொண்டன. நிறுவனம் சுமார் 20 கோடி யூரோ கட்டியது. அரசுக்குப் பணம், நிறுவனத்துக்கு விடுதலை. 2019இல் சால்காம்ப் அந்த ஆலையை வாங்குவதாக ஒன்றிய அமைச்சர் அறிவித்தார். இரண்டு நாடுகள் பேசிய அந்த மேசையில் 8,000 பேருக்கு ஒரு நாற்காலி இல்லை. அவர்களுடைய இழப்பு அந்த உடன்படிக்கையின் எந்தப் பத்தியிலும் வராத ஒன்று.

இனி ஒரகடத்துக்கு வருகிறேன். நான் இந்தச் சொற்பொழிவை எழுதக் காரணமே இந்த வழக்குதான்.

2008 பிப்ரவரியில் ரெனோ–நிசான் கூட்டணி தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் செய்தது. 2010 மார்ச்சில் ஒரகடம் ஆலை திறக்கப்பட்டது. எண்ணூர்த் துறைமுகம் வழியாகக் கார்கள் வெளிநாடு போயின. ஒப்பந்தப்படி வரியைத் திருப்பிக் கொடுப்பது உள்ளிட்ட ஊக்கத்தொகையை மாநில அரசு தர வேண்டும். 2015 வரையான தொகை வரவில்லை என்றது நிசான். கடிதம் எழுதினார்கள், அதிகாரிகளைப் பார்த்தார்கள். 2016இல் பிரதமருக்கே வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பினார்கள். 2017இல் சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போனார்கள். நிலுவை 2,900 கோடி, நட்டஈடு 2,100 கோடி, அதற்கு மேல் வட்டி. தமிழ்நாடு அரசு கொடுக்க வேண்டியதற்கு இந்திய நாட்டையே பிரதிவாதியாக்கினார்கள். அதற்கான கதவு 2011இல் நடைமுறைக்கு வந்த இந்திய–ஜப்பான் பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தத்தில் திறந்திருந்தது. ஜப்பானிய முதலீட்டாளருக்குக் கொடுத்த வாக்கை ஒரு மாநிலம் மீறினால் ஒன்றியம் பதில் சொல்ல வேண்டும். 2020இல் சமரசமாக முடிந்தது.

நிசான் செய்தது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. எழுதிக் கொடுத்த கடனை அவர்கள் கேட்டார்கள், கேட்பதுதான் முறை. அந்த ஊக்கத்தொகை சரியா என்பது வேறு விவாதம். நான் சொல்வது இது: ஒப்பந்தம் போட்டு எட்டாவது ஆண்டில் பிரதமரின் மேசைக்கு அறிவிப்பு போய்ச் சேர்கிறது. பன்னிரண்டாவது ஆண்டில் தீர்வு வருகிறது. 1892 அரசாணைக்கு 130 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அதன் நிபந்தனையை நிறைவேற்றச் சொல்லி நாம் எந்த நடுவர் மன்றத்துக்குப் போவது? எந்த உடன்படிக்கை நம்மை முதலீட்டாளர் என்று ஏற்றுக்கொள்கிறது? இந்த மாவட்டத்து வயல்களில் நூற்றாண்டுகளாக நாம் போட்ட முதலீடு எந்தக் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது?

அம்பேத்கர் இதை 1947இலேயே பார்த்துவிட்டார். ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்ற அறிக்கையில் நிலத்தையும் அடிப்படைத் தொழில்களையும் அரசுடைமையாக்க வேண்டும், விவசாய நிலத்தைச் சாதி பார்க்காமல் குத்தகைக்குக் கொடுக்க வேண்டும் என்றார். அதோடு நிற்கவில்லை. இந்தப் பொருளாதார ஏற்பாட்டை அரசமைப்புச் சட்டத்திலேயே எழுத வேண்டும், மாறும் பெரும்பான்மையின் தயவில் விடக்கூடாது என்றார். நமக்குக் கிடைத்தது 46ஆம் பிரிவு. பட்டியல் சாதியினரின் பொருளாதார நலனை அரசு சிறப்பாகப் பேண வேண்டும் என்கிறது. ஆனால் அது வழிகாட்டு நெறி, நீதிமன்றத்தில் கேட்டுப் பெற முடியாது. நிசானுக்கு நடுவர் மன்றம், நமக்கு வழிகாட்டு நெறி.

* * *

இங்கே ஓர் எதிர்வாதம் வரும், வர வேண்டும். இந்த ஆலைகள் வந்ததால்தானே நம் பெண்கள் நடவு வயலிலிருந்து வெளியே வந்தார்கள் என்பது. நான் அதை முழுமனதோடு ஏற்கிறேன். என் அக்கா மகள் சுங்குவார்சத்திரம் பக்கம் ஓர் ஆலையில் இருக்கிறாள். அவள் சம்பளத்தில் வீட்டுக்குக் கூரை மாறியது. ஊர்க்காரர் வயலில் குனிந்து நின்ற ஆயாவின் முதுகை நினைத்தால், ஆலைப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகும் இவளைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அம்பேத்கரும் 1918இல் சிறு நில உடைமை பற்றி எழுதிய கட்டுரையில், விவசாயத்தில் தேங்கிக் கிடக்கும் உழைப்பை வெளியே எடுக்கத் தொழில்மயம்தான் வழி என்று வாதிட்டார். கிராமத்தை விட்டு வெளியேறு என்று சொன்னவரின் பிள்ளைகள் ஆலையை எதிர்த்து நிற்க முடியாது. ஆலை வேண்டாம் என்பது நம் கோரிக்கை இல்லை.

ஆனால் அதே அம்பேத்கர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்து கொண்டுவந்த மசோதாதான் 1946இல் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று சட்டமானது. 2023 ஏப்ரல் 21 அன்று பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எழுந்தன, தோழமைக் கட்சிகளே எதிர்த்தன, மே தினத்தன்று திரும்பப் பெற்றார்கள். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் தொழிலாளர் விடுதியில் உணவு நஞ்சாகி 159 பெண்கள் மருத்துவமனையில் சேர்ந்தபோது, அவர்களுடைய தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவெல்லாம் உட்கார்ந்தார்கள். ஆலை பல வாரம் நின்றது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு திறந்தார்கள் என்றால், அதற்குள் அந்த நெடுஞ்சாலை இரவும் இருக்கிறது. 2024 செப்டம்பரில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதன்மைக் கோரிக்கை கூலி உயர்வு இல்லை, சங்கத்தின் பெயரை ஏற்றுக்கொள் என்பது. பெயரைச் சொல்வதற்கே 37 நாள்.

இப்போது சலுகையின் புதிய வடிவம் வந்திருக்கிறது. அமெரிக்கா தொடுத்த வழக்கில் 2019 அக்டோபர் 31 அன்று உலக வர்த்தக அமைப்பின் குழு, இந்தியாவின் பல ஏற்றுமதிச் சலுகைகள் விதிக்குப் புறம்பானவை என்றது. சிறப்புப் பொருளாதார மண்டலச் சலுகையும் அதில் ஒன்று. தலைக்கு இத்தனை டாலர் வருமானம் என்ற வரம்பை இந்தியா தாண்டிவிட்டது, இனி ஏழை நாட்டு விலக்கு இல்லை என்பது காரணம். ஸ்ரீபெரும்புதூர் சேரியில் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள். இந்தியா மேல்முறையீடு செய்தது. மேல்முறையீட்டு மன்றமே உறுப்பினர் இல்லாமல் செயலிழந்து கிடக்கிறது. 2020 ஏப்ரலில் உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகை, அதாவது பிஎல்ஐ, வந்தது. ஏற்றுமதி என்ற சொல் தகுதியில் கிடையாது. இந்தியாவில் செய்து விற்கும் பொருளின் விற்பனை அடிப்படை ஆண்டைவிட எவ்வளவு கூடுகிறதோ அதில் 4 முதல் 6 சதவீதம் வரை அரசு தரும். மின்னணுத் துறைக்கு மட்டும் ஒதுக்கீடு 40,951 கோடி. பொருள் வெளிநாடு போகிறது, சலுகையின் பெயரில் மட்டும் வெளிநாடு இல்லை.

பலன் தெரிகிறது. 2021–22இல் தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி 186 கோடி டாலர். 2024–25இல் 1,465 கோடி டாலர். நாட்டின் மின்னணு ஏற்றுமதியில் 41 சதவீதம். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியின் உழைப்பு இதில் பெரும்பங்கு.

இந்தத் திட்டத்தில் உள்நாட்டு நிறுவனங்களுக்கென்று தனிப் பிரிவு உண்டு. வெளிநாட்டுக் கம்பெனி நான்காண்டில் 1,000 கோடி முதலீடு காட்ட வேண்டும், உள்நாட்டுக் கம்பெனிக்கு 200 கோடி போதும். போதும் என்று சொல்லும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. 200 கோடி முதலீடு போடக்கூடிய உள்நாட்டுக்காரர் யார், அவருடைய தாத்தாவுக்கு 1892இல் எத்தனை ஏக்கர் இருந்தது என்ற கேள்வியைக் கேட்டால் மிராசுப் பதிவேடு திரும்பத் திறக்கும். நமக்காக 2023இல் தமிழ்நாடு அரசு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைக் கொண்டுவந்தது. முதலீட்டில் 35 சதவீத மானியம், உச்சவரம்பு ஒன்றரைக் கோடி, வட்டியில் 6 சதவீதம் அரசு ஏற்கும். நல்ல திட்டம். நம் பிள்ளைகள் இதைப் பயன்படுத்த வேண்டும், பெருமைக்குச் சொல்லவில்லை, வங்கி மேலாளர் முகம் சுளித்தாலும் மூன்று முறை போக வேண்டும். ஆனால் அளவுகோலைப் பாருங்கள். ஒருபக்கம் உள்ளே நுழையவே 200 கோடி, இன்னொரு பக்கம் கிடைக்கும் உச்சமே ஒன்றரைக் கோடி. ஆலைக்குத் திருகாணி செய்து கொடுக்கும் பட்டறை வரை நாம் போகலாம் என்று அந்த அளவுகோல் சொல்கிறது. முதலில் அதையாவது பிடிப்போம். அதோடு, ஊக்கத்தொகை வாங்கும் பெரிய நிறுவனம் தன் கொள்முதலில் ஒரு பங்கைப் பட்டியல் சாதித் தொழில்முனைவோரிடம் வாங்க வேண்டும் என்று நிபந்தனை போடச் சொல்வோம். ஒன்றிய அரசுத் துறைகளுக்கு 2012 கொள்முதல் ஆணையில் 4 சதவீதம் என்று ஏற்கெனவே இருக்கிறது. பொதுப்பணத்தை வாங்கும் தனியாருக்கு ஏன் கூடாது?

நிபந்தனை என்ற சொல்லுக்குத்தான் திரும்பத் திரும்ப வருகிறேன். 1892இல் நமக்கு நிலம் கொடுத்தபோது எங்களை நம்பாமல் நிபந்தனை போட்டார்கள். பிஎல்ஐ தருவதற்கு முதலீடும் விற்பனையும் மட்டுமே தகுதி. யாரை வேலைக்கு எடுத்தாய், எத்தனை பேர் ஒப்பந்தக்காரர் கணக்கில் இருக்கிறார்கள், சங்கத்தை ஏற்றாயா, மூடினால் தொழிலாளருக்கு என்ன என்பவை தகுதிப் பட்டியலில் கிடையாது. 2014இல் நோக்கியா மூடியபோது கற்ற பாடம் 2020இன் விதியில் ஒரு வரியாகக்கூட வரவில்லை.

கடைசியாக நிலத்துக்கு வருகிறேன், தயங்கிய தோழருக்குப் பதிலாக. 2013இன் நிலம் கையகப்படுத்தல் சட்டத்தில் 41ஆம் பிரிவு இருக்கிறது. பட்டியல் சாதியினரின் நிலம் சட்டத்தை மீறிக் கைமாறியிருந்தால் அந்தக் கைமாற்றம் செல்லாது, அந்த நிலத்தை அரசு கையகப்படுத்தினால் மறுவாழ்வுப் பலன் மூல உரிமையாளருக்கே போக வேண்டும் என்கிறது அது. பஞ்சமி நிலத்துக்கென்றே எழுதியது போன்ற வாசகம். நிலமில்லாக் கூலித் தொழிலாளரையும் பாதிக்கப்பட்ட குடும்பமாக அந்தச் சட்டம் எண்ணுகிறது. ஆனால் சிப்காட் நிலம் எடுப்பது 1997இன் தமிழ்நாடு தொழில் நோக்கத்துக்கான நில எடுப்புச் சட்டத்தின் கீழ். 105அ என்ற பிரிவைச் சேர்த்து, அந்த மாநிலச் சட்டத்தை 2013 சட்டத்தின் பிடியிலிருந்து விலக்கிவிட்டார்கள். இழப்பீடு, மறுவாழ்வு அட்டவணைகள் மட்டும் பொருந்தும். சமூகத் தாக்க ஆய்வு இல்லை. 2019இல் சென்னை உயர்நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அதே ஆண்டு புதுச் சட்டம் போட்டு உயிர்ப்பித்தார்கள். 2021இல் உச்சநீதிமன்றம் அதை ஏற்றது. ஆக, பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குப் பணம். பஞ்சமி நிலம் ஊர்க்காரர் பெயரில் மாறியிருந்தால் இழப்பீடும் ஊர்க்காரருக்கு. நிலத்தை ஒருமுறை இழந்தவர்கள் அதன் விலையை இரண்டாம் முறை இழக்கிறார்கள்.

இதை மேடையில் சொல்லிப் பயனில்லை, சர்வே எண்ணோடு சொல்ல வேண்டும். மாணவர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். சிப்காட் நில எடுப்பு அறிவிக்கைகள் அரசிதழில் சர்வே எண்ணோடு வந்திருக்கின்றன. 1980களில் யு.டி.ஆர். என்ற பெயரில் நிலப் பதிவுகளைப் புதுப்பித்தபோது பல ஊர்களில் பஞ்சமி என்ற குறிப்பு விடுபட்டது என்று இயக்கங்கள் சொல்லிவருகின்றன. அதனால் இன்றைய கணினிப் பட்டாவைப் பார்த்தால் போதாது. யு.டி.ஆருக்கு முந்தைய அ-பதிவேட்டையும் செட்டில்மெண்ட் பதிவேட்டையும் ஊர் வாரியாகத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். குறிப்புக் கலத்தில் டி.சி. நிபந்தனை என்று இருக்கும் எண்களைத் தனியே எழுதுங்கள். அரசிதழ் எண்களோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போகும் எண் ஒவ்வொன்றுக்கும் இழப்பீடு யாருக்குப் போனது என்று அடுத்த விண்ணப்பம். கரையான் அரித்தது என்று பதில் வந்தால் அந்தப் பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். மேல்முறையீட்டுக்கு அதுதான் முதல் ஆவணம். ஸ்ரீபெரும்புதூர் வட்டத்திலிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறேன். விண்ணப்பப் படிவம் பின்வரிசை மேசையில் இருக்கிறது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்ட வேண்டும்.